அழிவின் எல்லைக்கோடு: ஐதர் போரில் ஆரணி

1782ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி கிழக்கிந்தியக் கும்பினியின் தளபதி சர் அயர் கூட்டின் படை ஆரணியை நெருங்கிக்கொண்டிருந்தது. நோயால் தளர்ந்துபோயிருந்த அந்தத் தளபதி, படையை அங்கே நடத்திச் சென்றதற்குக் காரணம் ஆரணிக் கோட்டைக்குள் இருந்தது. மைசூரை ஆண்ட ஐதர் அலி அங்கே தானியத்தையும் வெடிமருந்தையும் குவித்து வைத்திருந்தார். ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பரப்பில் மைசூர்ப் படைக்கு அதுவே முதன்மையான கிடங்கு. கூட்டின் சிப்பாய்களோ, அடுத்த வேளை அரிசி எங்கிருந்து வரும் என்று தெரியாமல் இரண்டாண்டுகளாக நடந்துகொண்டிருந்தவர்கள்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வரலாறுகளைப் படித்துவிட்டு இந்த இடத்துக்கு வருகிற வாசகர் சற்றுத் திகைக்க வேண்டும். 1780இல் ஐதர் இந்த நாட்டைப் புல் பூண்டு இல்லாமல் அழித்துவிட்டார் என்றே அவை சொல்கின்றன. அப்படியானால் ஆரணியில் நெல் எப்படி வந்தது? யார் விதைத்தார்கள், எந்த ஏரித் தண்ணீரில் அது விளைந்தது?

இந்தக் கேள்விக்குக் குறுக்கே நிற்பது ஒரு பெயரடை. புயலையோ போரையோ பற்றி எழுதும் ஆங்கிலச் செய்தியாளர் முதலில் கைவைக்கும் சொல் 'டெவஸ்டேட்டிங்'. இன்று அது கிரிக்கெட் தோல்விக்கும் திரைப்பட விமர்சனத்துக்கும்கூடப் பயன்பட்டுத் தேய்ந்துவிட்டது. ஆனால் அதன் இலத்தீன் வேரைப் பார்த்தால் பொருள் திட்டமாக இருக்கிறது: வெறுமையாக்குதல். அதன் கூடவே வரும் 'டெசொலேட்' என்பதன் வேர் தனிமையைக் குறிப்பது, ஒரு நிலத்தை ஆளற்றதாக்குவது. 18ஆம் நூற்றாண்டில் இவை போரைச் சொல்லும் சொற்கள். படை நகரும் வழியில் தானியம், கால்நடை, மனிதர் எதையும் மிச்சம் வைக்காமல் நிலத்தைக் காலிசெய்வதைக் குறித்தவை. அந்தப் பழைய பொருளில் அவை 1780ஆம் ஆண்டுத் தொண்டை மண்டலத்துக்கு அப்படியே பொருந்தும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், பெயரடைக்கு எல்லை கிடையாது. எங்கே தொடங்கி எங்கே நின்றது, யார் செய்தார், எதற்காகச் செய்தார் என்பதையெல்லாம் அது கேட்பதில்லை. முழு நாட்டின்மேலும் ஒரே போர்வையைப் போர்த்திவிடுகிறது.

அந்தப் போர்வையை நெய்தவர்களில் முதன்மையானவர் எட்மண்ட் பர்க். 1785 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி அவர் ஆற்றிய உரையில், ஐதரின் படையெடுப்பை வருணிக்கும் பகுதி மிகப் புகழ்பெற்றது. மலைமேல் கவிந்து நிற்கும் கருமேகம் சமவெளிமேல் உடைந்து கொட்டுவதைப்போல அதைச் சித்திரித்தார். 19ஆம் நூற்றாண்டில் பேச்சுக்கலை பயிலும் ஆங்கில மாணவர்களுக்கு அது பாடப் பகுதியாகவே ஆனது. பர்க் இந்தியாவுக்கு வந்தவரில்லை. ஆனாலும் ஆவணங்களை ஊன்றிப் படித்தவர்; அவருடைய கோபம் உண்மையானது. அந்த உரையின் இலக்கு ஐதர்கூட அல்ல. நவாப் முகமது அலிக்கு வட்டிக்கு விட்டுக் கொழுத்த பால் பென்ஃபீல்டு முதலான கும்பினி ஊழியர்களையும், அவர்கள் கோரிய கடனை விசாரணையே இல்லாமல் தீர்த்துவைக்க முன்வந்த பிரதமர் பிட்டின் அமைச்சரவையையும் குற்றஞ்சாட்டவே அவர் எழுந்தார். பிற்காலத்தார் கடனை மறந்துவிட்டு மேகத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 1769இல் ஐதர் சென்னையின் வாசல்வரை வந்து கும்பினியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அடுத்த ஆண்டே மராட்டியர் மைசூருக்குள் புகுந்தபோது கும்பினி கைகட்டி நின்றது. 1779இல், பிரெஞ்சுக்காரரின் மாஹேயை ஐதர் தம் பாதுகாப்பில் உள்ளதென்று எச்சரித்தும் கும்பினி பிடித்துக்கொண்டது. 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியாக மைசூர்ப் படை இறங்கியது. அதன் அளவைச் சமகாலத்தவர் எண்பதாயிரத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டனர். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை முழுதாக வீழ்ந்தது. நவம்பர் தொடக்கத்தில் ஆற்காடு ஐதர் கைக்கு வந்தது.

ஊர்களுக்குத் தீ வைத்தது இந்த மாதங்களில்தான். மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் இதை விவரிக்கும்போது, தம்மையறியாமலே ஒரு முக்கியமான தகவலைத் தருகிறார்: அழிவு ஒரு கோட்டுக்குள் நடந்தது. சென்னையைச் சுற்றிப் பல மைல் அகலத்துக்கு ஒரு வளையம். கும்பினியின் காவல்படை இருந்த வேலூரைச் சுற்றி இன்னொரு வட்டம். அந்தப் பரப்புக்குள் இருந்த ஊர்கள் கொளுத்தப்பட்டன. குடிகளும் மாடுகளும் மைசூர்ப் பக்கம் ஓட்டிச்செல்லப்பட்டனர். தப்பிக்க முயன்றவர்கள் சென்னைக்குள் திரண்டார்கள். ஐதரின் குதிரைப்படைக்கு இதில் வெறியும் இருந்திருக்கலாம், கொள்ளை ஆசையும் இருந்திருக்கலாம். ஆனால் திட்டம் குளிர்ந்த மனத்தோடு போடப்பட்டது. கும்பினிப் படை கோட்டையை விட்டு வெளியே வந்தால் அதற்கு வைக்கோலும் கிடைக்கக் கூடாது, நெல்லும் கிடைக்கக் கூடாது, வண்டி இழுக்க மாடும் கிடைக்கக் கூடாது.

திட்டம் பலித்தது. வங்காளத்திலிருந்து 1780 நவம்பரில் வந்து சேர்ந்த அயர் கூட், 1781இல் பறங்கிப்பேட்டையிலும் பொள்ளிலூரிலும் சோளிங்கரிலும் களத்தில் மேலோங்கி நின்றார். எந்த வெற்றிக்குப் பிறகும் ஐதரைத் துரத்திச்செல்ல அவரால் முடியவில்லை. மாடில்லை, அரிசியில்லை என்று அவர் மேலிடத்துக்கு ஓயாமல் முறையிட்டுக்கொண்டே இருந்தார். அரிசி கடல்வழியாக வர வேண்டும். ஆகவே படை கடற்கரையை விட்டு நெடுநாள் விலகியிருக்க முடியாது. வேலூரில் அடைபட்டிருந்த காவல்படைக்கு அரிசி மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரிய படையெடுப்பாக ஆனது. அதை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியும் வந்தது.

இனி ஆரணிக்கு வரலாம். கமண்டல நாகநதிக் கரையில், ஆற்காட்டுக்குத் தெற்கே, வேலூருக்கும் வந்தவாசிக்கும் நடுவில் அமைந்த ஊர் இது. பீஜப்பூர்ப் படையோடு மராட்டியர் தெற்கே வந்த 17ஆம் நூற்றாண்டிலிருந்து மராட்டிய பிராமண ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. போர் இதற்குப் புதிதல்ல. ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட ராபர்ட் கிளைவ், 1751 டிசம்பரில் இவ்வூரருகே ராஜா சாகிபின் படையையும் அவருக்குத் துணைவந்த பிரெஞ்சுக்காரரையும் தோற்கடித்தார். எதிரிப்படை கிளைவை நெருங்க முடியாமல் திணறியதற்குப் பாதிக் காரணம், நடுவில் கிடந்த சேறும் தண்ணீருமான நெல் வயல்கள். டிசம்பரில் வயலில் தண்ணீர் நிற்கிற ஊர். ஏரிகள் நிறைந்த ஊர்.

அதனால்தான் ஐதர் இதைக் கிடங்காகத் தேர்ந்தெடுத்தார் என்று கருதுகிறேன். அழிவு வளையத்துக்கு வெளியே, கணவாய் வழிக்கும் ஆற்காட்டுக்கும் இணைப்பான இடத்தில், கோட்டையும் விளைநிலமும் சேர்ந்து அமைந்திருந்தது ஆரணி. சென்னைப் பக்கத்து வயல் எரிந்ததும் ஆரணிக் களஞ்சியம் நிரம்பியதும் ஒரே திட்டத்தின் இரண்டு பாதிகள். எதிரியின் வாய்க்கு எட்டும் இடத்தில் எல்லாவற்றையும் காலிசெய்வது. தன் கைக்கு எட்டும் இடத்தில் உழவை நடக்கவிட்டு விளைச்சலை வாரிக்கொள்வது. ஆரணிப் பக்கத்து உழவர் தப்பித்துக்கொண்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. கோட்டைக்குள் போன நெல் அவர்கள் வீட்டுக் குதிருக்குப் போகவில்லை. ஆனால் ஏர் ஓடியது, மதகு திறந்தது, அறுவடை நடந்தது. நவாபின் நாட்டைக் குறித்த 'கர்நாடகம் முழுவதும் பாழ்' என்ற வாக்கியத்தில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் வசமானது. மே மாதம் பெருமுக்கல் கோட்டை வீழ்ந்தது. அடுத்தது வந்தவாசி என்ற நிலை. ஐதரை அங்கிருந்து இழுக்க ஒரே வழி அவருடைய கிடங்கைத் தொடுவதுதான் என்று கூட் கணித்தார். கணிப்பு சரியாகவே இருந்தது. ஆரணியை நோக்கிக் கும்பினிப் படை திரும்பிய செய்தி கிடைத்ததும் ஐதர் விரைந்து வந்து பின்னாலிருந்து பீரங்கியால் தாக்கினார். கூட் அவரை எதிர்கொள்ளத் திரும்பிய நேரத்தில் ஐதரின் மகன் திப்பு கோட்டைக்குள் போய்க் கருவூலத்தைப் பத்திரப்படுத்தினார். நாள் முடிவில் கும்பினிக்குக் கிடைத்தது ஒரு பீரங்கியும் சில வெடிமருந்து வண்டிகளும். கோட்டை ஐதரிடமே இருந்தது. சில நாள் கழித்துக் கும்பினியின் குதிரைக் காவலணி ஒன்று பதுங்கியிருந்த மைசூர்ப் படையிடம் சிக்கி அழிந்தது. அரிசி தீர்ந்ததும் கூட் சென்னைக்குத் திரும்பினார். அந்தப் போரில் கூட் ஐதரை நேருக்குநேர் சந்தித்த கடைசிக் களம் ஆரணி. ஐதர் அவ்வாண்டு டிசம்பரில் சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் இறந்தார். கூட் 1783 ஏப்ரலில் சென்னையில் இறந்தார்.

சென்னையில் அப்போது நடந்ததை ஐதரின் கணக்கில் மட்டும் எழுதி முடிக்க முடியாது. அகதிகள் நிரம்பிய நகரத்துக்கு நெல் தர வேண்டிய சுற்றுப்புறம் எரிந்து கிடந்தது. வங்காள அரிசி வரும் கடலில் 1782 பிப்ரவரி முதல் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பற்படை திரிந்தது. அக்டோபர் 15 அன்று அடித்த புயலில் சென்னைக் கடலில் நின்ற அரிசிக் கப்பல்கள் பல சிதறின. தெருக்களில் மக்கள் பசியால் விழுந்தார்கள். அந்த ஆண்டு கஞ்சித் தொட்டியாகத் தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம். ஸ்டான்லி மருத்துவமனையின் வரலாறு அங்கிருந்துதான் புறப்படுகிறது. எந்தச் சேதத்தை ஐதர் செய்தார், எதைக் கடற்போர் செய்தது, எதைப் புயல் செய்தது, கிடைத்த மாட்டையும் தானியத்தையும் படைக்கென்று வாரிக்கொண்ட கும்பினி எதைச் செய்தது என்று பிரித்துப் பார்க்காமல் அந்தப் பஞ்சத்தைப் புரிந்துகொள்ள இயலாது.

நவாபின் பங்கும் உண்டு. அவருடைய நாட்டு வருவாய் போருக்கு முன்பே கடன்காரர்களுக்கு அடகாகியிருந்தது. சாகுபடி தொடங்கும் முன்பே வரி பேசப்பட்டு, அந்த வரிமேல் கடன் வாங்கப்பட்டு, வட்டி கூட்டப்பட்ட நிலத்தில் ஏரி மராமத்துக்கு யார் பணம் ஒதுக்குவார்? 1781 டிசம்பரில் ஆளுநர் மெக்கார்ட்னி நவாபிடமிருந்து வரிவசூலைக் கும்பினிக்கு எழுதி வாங்கினார். போர் முடிந்தபின் லண்டன் அதை நவாபிடமே திருப்பியது. கூடவே ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுண்டு, கடன்காரர்களுக்குப் போக வேண்டும் என்றும் முடிவுசெய்தது. பர்க் வெடித்தது இதற்காகத்தான். எரிந்து முடிந்த நாட்டிடம் வட்டி வசூலிக்கிறார்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். அந்த உரையில் மேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஏரிகளைப் பற்றி அவர் பேசும் பகுதி. செங்கல்பட்டைச் சேர்ந்த கும்பினி ஜாகீரில் மட்டும் 1,100க்கு மேற்பட்ட ஏரிகள் இருப்பதை, அதை அளந்த பர்னார்டின் நிலப்படத்திலிருந்து எடுத்துச் சொல்லி, மழைநீரைத் தேக்கும் இந்த அமைப்பே நாட்டின் உண்மையான செல்வம் என்று அவர் வாதிட்டார். பெயரடைகளை விட்டுவிட்டு எண்ணிக்கைக்கு வந்த இடத்தில் பர்க் நம் ஊரை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறார்.

பகைநாட்டை அழிப்பதைத் தமிழ்ப் புறத்திணை எப்படிக் கையாண்டது என்பதையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொல்காப்பியம் வஞ்சித் திணையில் எரிபரந்தெடுத்தலை ஒரு துறையாகவே வைத்தது. புறப்பொருள் வெண்பாமாலை, பகைவர் நாட்டுக்குத் தீயிடுவதை உழபுல வஞ்சி என்றும் கொள்ளையிடுவதை மழபுல வஞ்சி என்றும் பிரித்தது. புறநானூற்றின் 15ஆம் பாட்டில் முதுகுடுமிப் பெருவழுதி பகைவர் நிலத்தில் கழுதை பூட்டி உழுகிறான். 16ஆம் பாட்டில் பெருநற்கிள்ளியின் படை விளைவயலையும் காவற்குளத்தையும் விட்டுவைப்பதில்லை. இவை அழித்தவனைப் புகழும் பாட்டுகள்; அந்த அறத்தை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் வீடு எரிந்ததா, வயல் மிதிபட்டதா, குளம் கலங்கியதா என்று தனித்தனியாகப் பார்க்கும் கண் அவற்றில் இருக்கிறது. வென்றவன் புகழைச் சொல்லும்போதே தோற்ற நாட்டின் அழிவுக்கு இரங்கும் கொற்றவள்ளை என்ற துறையும் அதே மரபில் வந்ததுதான்.

இதைவிட நுட்பமான சொல்லைத் தொண்டை மண்டலத்து மிராசுக் கணக்கு வைத்திருந்தது. எஃப். டபிள்யூ. எல்லிஸ் 1818இல் வெளியிட்ட மிராசு உரிமை பற்றிய நூல் அதைப் பதிவுசெய்கிறது. என்றுமே உழப்படாத நிலம் அனாதிக் கரம்பு. ஒருகாலத்தில் உழப்பட்டு இப்போது கைவிடப்பட்டுக் கிடக்கும் நிலம் செய்கால் கரம்பு. ஓர் ஊர்க் கணக்கில் செய்கால் கரம்பு கூடியிருந்தால், அங்கே ஆள் போய்விட்டார்கள், மாடு போய்விட்டது, அல்லது ஏரி உடைந்துவிட்டது. காரணத்தை விசாரிக்க வேண்டும். ஆனால் இழந்தது எத்தனை காணி என்பது கணக்கில் நிற்கும். கிராமக் கணக்குப்பிள்ளை ஒரு பெயரடையும் இல்லாமல் எழுதிய இந்த வரிகள் பர்க்கின் பத்தியைவிட என்னை அதிகம் உலுக்குகின்றன.

ஏரி உடைந்த நிலம் ஏன் பத்தாண்டு, இருபதாண்டு ஆகியும் எழ முடியவில்லை என்பதை விளக்க வேண்டும். இந்தப் பகுதி ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேலேரியின் கலங்கல் வழியும் தண்ணீர் கீழேரிக்குப் போகும். மேலேரியின் கரை ஒரு மழைக்காலத்தில் உடைந்தால் பாயும் வெள்ளம் கீழேரியையும் உடைக்கும். கரையை அடைக்க ஆள் வேண்டும். ஆள் வந்து தங்க விதைநெல்லும் ஏர் மாடும் வேண்டும். அவை வாங்க முன்பணம் வேண்டும். முன்பணம் கொடுக்க வேண்டிய அரசோ பழைய பாக்கியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எரிந்த கூரையை அடுத்த தையில் வேய்ந்துவிடலாம். இந்தச் சுழலிலிருந்து வெளியேறுவது அப்படியல்ல. 1794 முதல் 1798 வரை செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ், ஆளற்ற ஊர்களுக்கு வெளியூர்க் குத்தகை உழவர்களான பாயக்காரிகளை அழைத்துக் குடியேற்றியதும், மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டதும் இந்தப் பின்னணியில்தான். ஏரிகாத்த ராமர் கோயிலோடு சேர்த்து அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த ஏரிக்கரை ஏன் அத்தனை நலிந்திருந்தது என்பது கதையில் வருவதில்லை.

ஆரணி போன்ற ஊர்களின் நெசவாளர் நிலை வேறு வகை. உழவன் நிலத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது. நெசவாளி தன் நாடாவையும் அச்சையும் தூக்கிக்கொண்டு இன்னோர் ஊருக்குப் போய்க் குழித்தறி வெட்டிக்கொள்ளலாம். ஆகவே போர்க்காலத்தில் முதலில் இடம்பெயர்வதும், அமைதி வந்ததும் முதலில் தொழிலைத் தொடங்குவதும் அவனால் ஆகக்கூடியது. ஆனால் பாவு ஓட்டத் தெரு நீளத்துக்கு அச்சமில்லாத ஒரு காலைப்பொழுது வேண்டும், நூல் வர வழி திறந்திருக்க வேண்டும், வாங்கும் வணிகன் முன்பணம் தர வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஆரணி மஸ்லின் துணி பெயர்பெற்று விளங்கியது. இன்று புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு இருக்கிறது. இவ்வூர்த் தறிகள் போருக்குப்பின் எப்படி எழுந்தன என்பது தனியே எழுத வேண்டிய வரலாறு. அதில் ஒரு கண்ணியை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ஆரணித் தறிக்கு வரும் பட்டு நூலில் பெரும்பங்கு கர்நாடக மாநிலத்திலிருந்து வருகிறது. மைசூர் நாட்டில் பட்டுப்புழு வளர்ப்பை அரசு முயற்சியாகத் தொடங்கிவைத்தவர், 1782இல் இந்தக் கோட்டையின் கருவூலத்தைக் காக்க ஓடிவந்த அதே திப்பு. அழித்த படையும் அந்தத் தொழிலும் ஒரே அரசிலிருந்து வந்தவை. ஐதரையும் திப்புவையும் அரக்கர்களாக்கும் எழுத்துக்கும், மாசற்ற நாயகர்களாக்கும் எழுத்துக்கும் இதைச் செரிப்பது கடினம்.

ஆரணிக் கோட்டைப் பகுதியில் இன்று அரசு அலுவலகங்கள் இயங்குகின்றன, கைலாசநாதர் கோயில் இருக்கிறது. 1790இல் இறந்த கர்னல் ராபர்ட் கெல்லிக்கு எழுப்பிய உயரமான நினைவுத்தூண் ஒன்றும் நிற்கிறது. ஐதரின் போரில் அரிசி கொடுத்தவர்களுக்கும் அரிசி இழந்தவர்களுக்கும் அப்படி எதுவும் இல்லை. அவர்களைத் தேட வேண்டிய இடம் கணக்கு ஏடுகள். செங்கல்பட்டுப் பகுதிக்கு அது ஓரளவு சாத்தியம்: 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு கும்பினி ஜாகீரில் ஊர் ஊராக எடுத்த கணக்கு போருக்கு முந்திய நிலையைக் காட்டுகிறது, பிளேசின் அறிக்கைகள் பிந்திய நிலையைக் காட்டுகின்றன. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் பர்னார்டு காலத்துத் தமிழ்ச் சுவடிக் கணக்குகளைச் சென்னையிலுள்ள சமூகவியல் கொள்கை ஆய்வு மையம் பதிப்பித்து வெளியிட்டிருக்கிறது. 1778 முதல் 1792 வரை புதுச்சேரியில் எழுதப்பட்ட இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பும் அச்சில் கிடைக்கிறது. ஆரணி கும்பினி ஜாகீருக்கு வெளியே, நவாபுக்குக் கட்டுப்பட்ட மராட்டியர் கையில் இருந்ததால் பர்னார்டின் அளவைக்குள் வரவில்லை. ஆகவே இவ்வூருக்கான தேடல் பிற்கால வடஆற்காடு மாவட்ட ஆவணங்களிலிருந்து பின்னோக்கித்தான் தொடங்க வேண்டும். எந்தெந்த ஊரில் செய்கால் கரம்பு கூடியது, எங்கே கூடவில்லை என்று நிலப்படத்தில் குறித்துக்கொண்டே வந்தால், ஐதரின் குதிரைகள் எந்த ஊர் எல்லையில் திரும்பின என்பது தெரியவரும்.